அரை அங்குலம்

என் அக்கா சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள். ஒரு நாளைக்கு முந்நூறு பொத்தான் துளை. கடைக்காரர் ஒரு துளையைக் குறை சொன்னால் ஊசியை நீட்டி, "அப்ப நீங்களே எடுங்க" என்பாள். அப்படிப்பட்டவளை ஒரு படம் மடக்கிப் போட்டது.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். ஆர்டர் கொடுத்தவர் எடுக்க வராமல் கடையிலேயே தங்கிப்போனதால் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஓவியம் அது. எங்கும் வெண்பனி. இரண்டு பழைய ஓட்டு வீடுகள், கூரை சரிந்த ஒரு வைக்கோல் கொட்டகை, ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம். அந்த வீட்டு வாசலுக்கும் படத்தின் வலது ஓரத்துக்கும் நடுவே காலடித் தடங்கள். வெறும் கறுப்புப் பொட்டுகள்தான். வந்த தடமா போன தடமா என்று சொல்ல முடியாது.

"யாரோ வீடு வந்து சேந்திருக்காங்கடா. அதான் வெளக்கு எரியுது," என்றாள் அக்கா. நானும் ஆமாம் போட்டேன். செருப்பு வார் தைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போன மாமா, அக்காவின் வீட்டுக்காரர், வராமல் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாசல் கதவுக்கு அவள் தாழ்ப்பாள் போடுவதையே விட்டிருந்தாள். படத்தை அந்தக் கதவுக்கு எதிரே மாட்டச் சொன்னாள்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். சட்டத்தை அரை அங்குலம் குறைவாக அறுத்துத் தொலைத்திருந்தேன். வேறு மரம் அறுக்கச் சோம்பல்பட்டு, படத்தின் வலது ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த ஓரத்தில் ஓர் ஆள் இருந்தான். கையில் பையோடு, முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமாக அவன் மரத்துக்குள் மூச்சு விடுகிறான் என்றே எனக்குத் தோன்றும். சாப்பிடும்போது அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

போன வாரம் கண்ணாடி விரிசல் விட்டது. "மாத்திக் குடுடா" என்றாள். இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். நேற்று மதியம் சாப்பிட வந்தால், அக்கா தரையில் உட்கார்ந்து என் குறடால் ஆணிகளைப் பிடுங்கி முடித்திருந்தாள். படம் மடியில் கிடந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"திரும்பிக்கூடப் பாக்கல, பாரு," என்றாள். "பழையபடியே மாட்டிடு."

எழுந்து போய் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் கேட்காமல் எழுந்து போய் அந்தத் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.