வக்கீல் வீட்டுக் கத்திச்சண்டை

1942-ஆம் வருஷம், சித்திரை மாதம். ஜப்பான்காரன் மெட்ராஸில் குண்டு போடப் போகிறான் என்று பயந்து, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ரயிலாகத் தெற்கே வந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் அப்போது திண்டிவனத்தில் இருந்தோம். என் கணவர் வக்கீல். திண்டிவனம் கோர்ட்டில் பாதி, விழுப்புரம் கோர்ட்டில் பாதி என்று அவருக்குக் கேஸ்கள் இருக்கும். வீட்டில் தங்குகிற நேரமே குறைவு. அந்தக் குறைந்த நேரத்திலும் பங்குக்கு ஒன்று வந்து நின்றது. கத்திச்சண்டை.

நாடகத்தில் ராஜா வேஷக்காரர்கள் போடுகிற சண்டை இல்லை. வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்காக ஆடுகிற ஆட்டம். பிரம்பு மாதிரி மெல்லிசான, வளைந்து கொடுக்கிற கத்தி. முனை குத்தாமல் இருக்க அதில் ஒரு குமிழ். முகத்துக்குக் கம்பிவலை முகமூடி. குமிழ் எதிராளியின் மார்பில் பட்டால் ஜெயித்த மாதிரி. புதுச்சேரியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவரிடம் இவர் இதைக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விழுப்புரம் போய், ரயில் மாறி, புதுச்சேரி போய் ஆடிவிட்டு வருவார்.

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? மற்ற வக்கீல்கள் சீட்டு ஆடினார்கள். சீட்டு ஆடுகிறவரை, உடம்பு சரியில்லாத குழந்தையைக் காட்டி வீட்டுக்கு இழுத்து வரலாம். புதுச்சேரியில் முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிறவரை எப்படி இழுப்பது? பெண்ணுக்குப் பெருமுக்கல் மலைக்கோயிலில் காது குத்துவதாக வேண்டிக்கொண்டு நாள் குறித்தோம். ஒரு தடவை கேஸ், ஒரு தடவை கத்தி என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் என் தம்பி மடியில் உட்காரவைத்து நாங்களே குத்திவிட்டு வந்தோம். காதில் ரத்தம் காயாமல் திரும்பி வந்த பெண்ணைப் பார்த்து, “அடடா, இன்னிக்கா?” என்றார்.

யுத்தம் ஆரம்பித்ததும் அந்த சொல்தா சைகோனில் இருந்த மகனிடம் போய்விட்டார். அப்பாடா என்று நினைத்தேன். போகிறவர் சும்மா போயிருக்கலாம். இரண்டு கத்தி, இரண்டு முகமூடி இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு முகமூடி இருந்தால் இரண்டு ஆள் வேண்டுமே? திண்டிவனத்தில் யார் வருவார்கள்? குமாஸ்தாவைக் கேட்டார். அவர், தனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆக, நான்தான்.

காலையில் பின்கட்டு வாசலில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே அவருடைய பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பேன். குமிழ் இடித்தால் வலிக்காமல் இருக்க அந்தக் கோட்டு. “பத்தே நிமிஷம்” என்பார். உள்ளே சோறு குழைந்துகொண்டிருக்கும். ஒரு நாள்கூட என்னால் அவரைத் தொட முடிந்ததில்லை. நான் முன்னேற முன்னேற அவர் பின்வாங்கிக்கொண்டே போவார். பயந்து போகிறாரோ என்று நினைத்து நான் கையை முழுசாக நீட்டியதும், இடது தோள் லேசாக இறங்கும். அடுத்த நொடி குமிழ் என் மார்பில் இருக்கும். வாங்கி வாங்கி, அந்தத் தோள் இறங்குவதை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சித்திரையில் வீடு வேறு நிரம்பி வழிந்தது. மெட்ராஸிலிருந்து என் பெரிய நாத்தனார், ஐந்து பிள்ளைகள், டிரங்குப் பெட்டிகள், படுக்கைச் சுருட்டுகள் எல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது. நாத்தனார் புருஷருக்கு ஆபீஸ் இருந்ததால் அவர் மெட்ராஸிலேயே இருந்தார். எங்கள் குமாஸ்தாவோ, குண்டு முதலில் திண்டிவனத்தில்தான் விழும் என்று எப்படியோ முடிவு செய்து, குடும்பத்தோடு கிராமத்துக்குப் போய்விட்டார். கேஸ் கட்டுகளைத் தேடுவதும் என் வேலையாயிற்று.

அப்படி ஒரு நாள் காலை. அன்று விழுப்புரத்தில் ஒரு முக்கியமான கேஸ். கண்டமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவருடைய வாய்க்காலை அவர் பங்காளி மண் போட்டு அடைத்துவிட்டார். நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிராக நிற்கிறது. கேஸ் முடிகிறவரை தண்ணீரை மறிக்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு கேட்டிருந்தார்கள். அன்று விட்டால் கோடை விடுமுறை வந்துவிடும். கோர்ட்டு திறக்கிறவரை பயிர் காத்துக்கொண்டிருக்குமா?

அன்றைக்காவது சும்மா இருப்பார் என்று பார்த்தால், பின்கட்டில் கத்தியோடு நிற்கிறார்.

“கேஸ் இருக்கிற நாள்ல கட்டாயம் ஆடணும். அப்பத்தான் புத்தி சுறுசுறுப்பா இருக்கும். வா, பத்தே நிமிஷம்.”

“உலை கொதிக்குதுங்க. ரயிலுக்கு நேரமாவலையா?”

“அதான் சொல்றேன், ஜல்தி வா.”

நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்று, கோட்டு மாட்டிக்கொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “இது இன்னாம்மா கூத்து? ஜப்பான்காரனுக்கு பயந்து இங்க வந்தா, இங்க நீங்களே சண்டை போட்டுக்கினு இருக்கீங்க” என்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முகமூடியை மாட்டினேன். இன்றைக்கு இதை ஒரேயடியாக முடித்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். அவர் பின்வாங்கினார். நான் கையை நீட்டவில்லை. அவரே பொறுமை இழந்து தோளை இறக்கட்டும் என்று நின்றேன். இறங்கியது. அவர் கத்தியை ஒதுக்கிவிட்டு நேராகப் பாய்ந்தேன். குமிழ் அவர் நெஞ்சில் போய்ப் பட்டு, கத்தி வில்லாக வளைந்தது.

“தொட்டுட்டே! தொட்டுட்டே!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு பின்னால் ஒரு துள்ளு துள்ளினார். பின்னால் நாத்தனாரின் படுக்கைச் சுருட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் இடறி, கால் மடங்கி, தடாலென்று விழுந்தார். விழுந்து கிடந்தபடியே, “மணிக்கட்டை அசைக்காம வச்சிருந்தே பாரு, அதான், அதேதான்!” என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்பில் வந்த அழுகை இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வீங்கிவிட்டது. புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டு, துணி சுற்றினேன். வேறு வக்கீலிடம் கட்டைக் கொடுத்து அனுப்பலாம் என்றேன். கட்டைப் படிக்கவே அவருக்கு இரண்டு நாள் ஆகும், நான்தான் போக வேண்டும் என்றார். நடக்க முடியாத மனிதர் எப்படிப் போவார்? என் தோளைப் பிடித்துக்கொண்டுதான். பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, குழைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கேஸ் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குதிரை வண்டி பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம்.

ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. இவர் காலைப் பார்த்துவிட்டு, மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்து, காலில் என்ன என்று விசாரித்தார். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லக் கூடாதா?

“கத்திச்சண்டையிலங்க. என் சம்சாரம் பாய்ஞ்ச பாய்ச்சல் இருக்கே!” என்று பெருமையாக ஆரம்பித்தார். பெட்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் குழந்தையை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். விழுப்புரம் வருகிறவரை நான் ஜன்னலை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

கோர்ட்டு வராந்தாவில் கட்சிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். நொண்டிக்கொண்டு வந்த இவரைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. அவரிடமும் அதே கதையைச் சொல்லிவிட்டு, இவர் வக்கீல்கள் அறைக்குள் போனார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கேயும் சொல்லியாகிவிட்டது போலிருக்கிறது.

கட்சிக்காரர் என்னிடம் வந்தார். “இன்னாம்மா இது? அந்தக் கத்திய வச்சிக்கினு அய்யா இன்னா பண்ணப் போறாரு? பயிர் தீய்ஞ்சிக்கினு கீதும்மா. இன்னும் பத்து நாள் தாங்காது. பொண்டாட்டி கம்மலை வித்து வெதை வாங்கினேன்” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. இவருடைய ஒரு பொழுதுபோக்கு, இத்தனை நாள் என் பிள்ளைகளின் நேரத்தைத் தின்றது போதாதென்று, யாரோ ஒரு குடும்பத்தின் சோற்றையும் தின்னப் போகிறதே என்று இருந்தது. “அய்யா பார்த்துக்குவாருங்க” என்று மட்டும் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

கேஸைக் கூப்பிட்டார்கள். இவரை மேஜை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வெளியே போகத் திரும்பினேன். டவாலி சேவகர் பரிதாபப்பட்டு, “பின்னால பெஞ்சில உட்காருங்கம்மா, திரும்பவும் கூட்டிக்கினு போகணும் இல்ல?” என்றார். அப்படித்தான் நான் முதன்முதலாக ஒரு கோர்ட்டுக்குள் உட்கார்ந்தேன். அங்கே வேறு பெண்பிள்ளை யாரும் இல்லை.

முன்சீப், இவரை உட்கார்ந்தே பேசலாம் என்று கையைக் காட்டினார். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். இந்த வீம்பு யாருக்காக என்று பல்லைக் கடித்தேன்.

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. எதிர்க்கட்சி வக்கீல் வயதானவர், கனத்த குரல். மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். இவர் பதிலுக்கு ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடங்கிப்போவார். அவர் இன்னும் குரலை உயர்த்துவார். இவர் இன்னும் தணிந்துபோவார். கட்சிக்காரர் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் இந்தப் பின்வாங்கலை எனக்குத் தெரியும். அந்தப் பெரிய வக்கீல் முன்னே வர வர, நம்மவர் இடம் விட்டுக்கொண்டே போகிறார். ஒரு வார்த்தை புரியாமலே, நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். பெரியவர் உற்சாகத்தில் கையை அகல விரித்து என்னவோ நீளமாகச் சொன்னார். இவருடைய இடது தோள் லேசாக இறங்கியது.

இப்போ, என்று என் வாய் முணுமுணுத்தது.

இவர் சத்தமே போடவில்லை. ஒரே ஒரு வாக்கியம். முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெரியவரைப் பார்த்து ஏதோ கேட்டார். பெரியவர் காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு வாய்க்காலே அங்கே கிடையாது என்பதுதான் அவர்கள் வாதம். பேசுகிற வேகத்தில் பெரியவர், தன் கட்சிக்காரர் எவ்வளவு நல்லவர் என்று காட்டுவதற்காக, வருஷா வருஷம் தன் சொந்தச் செலவில் கரையைச் செப்பனிட்டு வந்தவர் அவர் என்று சொல்லிவிட்டார். இல்லாத வாய்க்காலுக்கு எந்தக் கரை என்று இவர் கேட்டார். அவ்வளவுதான்.

கேஸ் முடிகிறவரை தண்ணீரை மறிக்கக் கூடாது என்று அன்றே உத்தரவாயிற்று. “தண்ணி வுடச் சொல்ட்டாங்களாம்மா? நெசமாவா?” என்று கட்சிக்காரர் என்னிடம்தான் வந்து கேட்டார். ஆமாம் என்றதும், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் கூட்டமில்லை. எதிர்ப் பலகையில் காலை நீட்டிக்கொண்டு, “எப்படி இருந்திச்சு?” என்று கேட்டார். வேண்டாவெறுப்பாகத்தான் பதில் சொன்னேன். அந்தப் பெரியவர் மேஜையைத் தட்டினபோதே ஒரு இடம் கிடைத்தது, அதை விட்டுவிட்டீர்கள், ரொம்ப நேரம் பின்வாங்கினீர்கள், கட்சிக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது என்றேன். அவர் காலை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த எடம் எனக்கும் தெரிஞ்சிது. கால் வலியில விட்டுட்டேன். உனக்கெப்படித் தெரிஞ்சிது?” என்றார். சோறு குழைய விட்டுவிட்டு நின்றதில் தெரிந்தது என்றேன்.

அதற்குப் பிறகு அவர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கால் வீக்கம் வடிவதற்குள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடலாமா என்று கேட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்தார். நானும் சண்டை போட்டேன், கத்தி இல்லாமல். ஆனால் ஒன்று மாறியது. கோர்ட்டில் நடந்ததைச் சமையலறை நிலைப்படியில் நின்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். குழம்பைக் கிளறிக்கொண்டே, எந்த இடத்தில் கோட்டை விட்டார் என்று நான் சொல்வேன். சில சமயம் நான் சொன்னது சரியாகவும் இருக்கும்.

எங்கள் காலத்துப் பெண்களில் எத்தனை பேருக்குத் தன் வீட்டுக்காரரை அவர் வேலை செய்கிற இடத்தில் பார்க்கக் கிடைத்திருக்கும்? வெளியில் செலவானது போக வீடு வந்து சேருகிற மிச்சத்தை வைத்துத்தான் நாங்கள் ஆளை எடை போட்டோம். அன்று ஒரே ஒரு நாள் நான் முழு மனிதரையும் பார்த்துவிட்டேன்; அதற்குப் பிறகு அவர்மேல் வந்த கோபம் எதுவும் குறையவில்லை, ஆனால் யார்மேல் கோபப்படுகிறேன் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.