மகளுக்கு ஆகாத பால்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் குடியிருந்தோம். என் கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். வேலைக்குக் கிளம்புமுன் எங்கள் மாடுகளைக் கறந்துவிடுவார். லயத்தில் பாதி வீடுகளுக்கு எங்கள் பால்தான்.

மகள் பிறந்த சில மாதங்களில் எனக்குக் கடும் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் வற்றிப்போனது.

"வீட்டுல மாடு நிக்கிறப்ப என்ன கவலை?" என்று அவர் அவளுக்கென்றே ஒரு மாட்டை ஒதுக்கினார்.

பாலைக் காய்ச்சி ஆற்றிப் புட்டியில் கொடுத்தேன். குடித்த பிறகு காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுவாள். ஒருநாள் காலை துணியை மாற்றும்போது மலத்தில் சளியும் ரத்தமும். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள்.

எஸ்டேட் கிளினிக்கில் உடம்புச் சூடு என்று மருந்து கொடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போனது. லோரியில் ரவாங் டவுனுக்கு வந்து, பஸ் பிடித்துக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

சோதனை எல்லாம் முடிந்தபின் டாக்டரம்மா தமிழிலேயே சொன்னார்: "மாட்டுப்பால் ஒத்துக்கல. குடல் வீங்கிப் புண்ணாயிருக்கு. இனிமே ஒரு சொட்டுகூடக் குடுக்கக் கூடாது."

என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. "நானே கறக்கிற பால் லா, டாக்டர். சுத்தமான பால்!"

"பால்ல குத்தம் இல்லண்ணே. அதுல உள்ள புரதத்த இவ உடம்பு எதிரின்னு நெனச்சு சண்ட போடுது."

வார்டில் ஒரு மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். குமட்டும் நாற்றம், நாக்கில் வைத்தால் கசப்பு.

"இது எதுல செஞ்சது?" என்று கேட்டேன்.

"பால்லதான்" என்றார் டாக்டரம்மா.

பிள்ளையின் வாயிலிருந்து புட்டியை வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். "ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "புரதம் நீளச் சங்கிலி மாதிரிம்மா. இதுல அதைத் துண்டு துண்டா அறுத்திருக்காங்க. அந்தத் துண்டுக்குப் பெப்டைட்னு பேரு. அவ்ளோ சின்னதா வந்தா உடம்புக்கு எதிரின்னு அடையாளம் தெரியாது. குடலும் ஆறும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வழியும் இல்லை. புட்டியை மறுபடி அவள் வாயில் வைத்தேன். முதலில் துப்பினாள், பிறகு பசி தாங்காமல் குடித்தாள். நாளாக நாளாக ரத்தம் குறைந்தது. ஒரு காலை துணி சுத்தமாக இருந்தது. என் கணவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே அழுதார்.

ஊர் திரும்பியபின், கறந்த கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் அவர் பிள்ளையைத் தூக்கியதில்லை. வீட்டுக்குள் பால் வரவில்லை. பிள்ளைக்கு அந்த மாவு, மற்ற எல்லாருக்கும் பால் கலக்காத தே ஓதான்.

இரண்டு வயது கடந்ததும் டாக்டரம்மா வரச் சொல்லி, இப்போது பால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வார்டிலேயே வைத்து ஒரு கரண்டி பால் கொடுத்தார். எனக்குப் பார்க்கத் துணிவில்லை. சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபடி காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

கரண்டியை நக்கிக்கொண்டே, "இன்னும் வேணும்" என்றாள் மகள்.

என் கணவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.