ஓரத்தில் ஒரு கை

அப்போது ஹட்டன் பஸாரில் ஒரு கடையில் எனக்கு வேலை. போட்டோப் பிரதி, டெலிபோன், அதோடு கம்ப்யூட்டரில் ஸ்லைட் ஷோ. கலியாணம், சடங்கு, கருமாதி எதுவானாலும் ஆட்கள் ஒரு பை நிறையப் படங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். ஸ்கேன் செய்து, முகத்துக்கு வெளிச்சம் ஏற்றி, மூலையில் ரோஜாப்பூ ஒட்டி, பாட்டுச் சேர்த்து சீடியில் எழுதிக் கொடுப்பேன். மாப்பிள்ளை தலைமேல் இதயங்கள் கொட்ட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அதையும் கொட்டுவேன். எனக்கென்ன வந்தது.

அம்மா இறந்து கருமாதியும் முடிந்த பிறகு, கொழும்பில் புடவைக்கடையில் வேலைக்கு நிற்கும் என் தம்பி போன் பண்ணினான்.

"ஊருக்கெல்லாம் செஞ்சி குடுக்குற. அம்மாவுக்கு ஒன்னு செய்யிக்கா. அது மொகமே எனக்கு மறந்துடும் போல இருக்கு."

எதை வைத்துச் செய்வது? எங்களிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே படம். யாரோ அதட்டி உட்கார வைத்தது போல அம்மா அதில் முழித்துக்கொண்டிருப்பாள். அந்த ஒன்றையே பெரிதாக்கி, சிறிதாக்கி, இடமிருந்து வலமாக நகர்த்திப் பார்த்தேன். பாட்டு முடிவதற்குள் எனக்கே மூச்சு முட்டியது.

படமே எடுக்கப்படாதவளும் இல்லை. அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்த மலை நுவரெலியா றோட்டை ஒட்டியது. வேன்கள் நிற்கும், வெள்ளைக்காரர்கள் இறங்கிப் படம் பிடிப்பார்கள். "இன்னைக்கும் புடிச்சாங்க" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள். ஒருவரும் ஒரு பிரதி அனுப்பியதில்லை. யார் யார் வீட்டு அல்பத்திலோ என் அம்மா இருக்கிறாள், என் வீட்டில் இல்லை என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை முதலாளி நானாவிடம் கேட்டுக்கொண்டு, ஆட்கள் குறைந்த பின்னேரங்களில் இன்டர்நெட்டில் அப்படிப்பட்ட படங்களைத் தேடினேன். அந்தக் காலத்து லைனில் ஒரு படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் வானம், பிறகு மலை, பிறகு தலையில் போட்ட துணி. நெற்றி வரும்வரை அது அம்மாவாகவே இருக்கும். கண் வந்ததும் வேறு யாரோ ஆகிவிடும். எத்தனை பேருடைய அம்மாக்கள்! எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் தெரிந்த முகம் இறங்கியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சித்தி. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி வெட்கத்தோடு பார்த்துவிட்டு, படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது ஒங்கம்மா கைதான். அன்னைக்கி நாங்க ரெண்டு பேரும் ஒன்னா நின்னோம். தள்ளிக்கன்னு படம் புடிச்ச ஆளு கை காட்டுனாரு. ஒங்கம்மா தள்ளிக்கிச்சு."

தேயிலைச் செடிக்கு மேலே, மணிக்கட்டுவரை ஒரு கை. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். சித்திக்கு முன்னால் அழக் கூச்சமாக இருந்தது. எங்கள் காம்பராவுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே என்னைத் தவிர யாருமே இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

மறுநாள் கடையில் சித்தியின் பக்கத்தை வெட்டிவிட்டு, கையை மட்டும் பெரிதாக்கினேன். அளவுக்கு மிஞ்சினால் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. கை கையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். பூ ஒட்டவில்லை. அடையாள அட்டை முகம் மெல்ல மங்க, அந்தக் கை தெளிந்து வரும். பாட்டில் பாதி நேரத்தை அதற்கே கொடுத்தேன். சீடியைத் தம்பிக்குத் தபாலில் அனுப்பினேன்.

பார்த்துவிட்டுப் போனில் பேசினான். "மொகம் நல்லா இருக்குக்கா. நடுவுல யார் கையோ வருதே, அது என்னா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"கைய வச்சி எப்புடிக்கா சொல்லுவ? கொழுந்தெடுக்குற எல்லாருக்கும் அப்புடித்தானே இருக்கும். அத எடுத்துட்டு வேற ஒன்னு அனுப்பேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்குள்ளும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் கோபம் வந்துவிட்டது.

"எடுக்க மாட்டேன்டா. அம்மாவ இன்னொரு தடவ தள்ளிக்கன்னு என்னால சொல்ல முடியாது."

லைன் அறுந்தது. போன் கார்டில் காசு முடிந்ததா, அவன்தான் வைத்துவிட்டானா என்று தெரியவில்லை.