அம்மா கேட்ட பேர்

சபையாரே, பெற்ற தாயின் கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டவள் நான். தேவன் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மஞ்சூர் பக்கம் நான் வேலை பார்த்த பேக்டரியில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை என்றார்கள். பிறகு அதுவும் நின்றது. இத்தலாருக்கு பஸ் ஏறி கேரட் அறுவடைக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா பெயர் ஞானம்மா. இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தவள்.

அந்த மழைக்காலத்தில்தான் அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. விடிந்ததும் வாசலில் போய் நின்று, "என் பேரு போட்டாச்சா?" என்று கேட்பாள். சொந்தப் பெயரே மறந்துவிட்டது என்று நினைத்தேன். "உன் பேரு ஞானம்மா. சொல்லு, ஞானம்மா" என்பேன், குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது மாதிரி. என்னை வெறித்துப் பார்த்துவிட்டு அழுவாள். பிறகு நடக்க ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் பனிமூட்டத்தில் பள்ளத்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பத்தடி தள்ளிக் காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. மறுநாளிலிருந்து பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். வேறு வழி தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை, அதுதான் உண்மை.

பேய் பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். நானும் நம்பினேன். வெளியூர் ஊழியக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். மூன்று நாள் உபவாசம் இருந்தோம். அவர் அம்மாவின் தலையை அழுத்திப் பிடித்து, "பேரச் சொல்லு. உன் பேரு என்ன?" என்று அதட்டினார்.

அம்மா கை கூப்பினாள். "அரைப் பேராச்சும் போடுங்கய்யா."

"பாருங்க சிஸ்டர், பாதிப் பேருதான் சொல்லுவேங்குது. பிடிவாதமான ஆவி" என்றார் அவர். நான் "ஆமென்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அவர் போன பிறகு பார்த்தால் அம்மாவின் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. அடுப்படியில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, எங்கம்மாவ எடுத்துக்கோங்க. இல்லேன்னா அவளுக்கு என்னதான் வேணும்னாவது சொல்லுங்க" என்று கேட்டேன். இரண்டாவது சும்மா ஒப்புக்குக் கேட்டது. மனசார வேண்டியது முதலாவதைத்தான். பாவி நான்.

மறுநாள் மதியம் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு ராசு மாமா வந்தார். இலங்கையில் அம்மா வேலை செய்த தோட்டத்தில் கங்காணியாக ஆள் மேய்த்தவர். கட்டிலோடு கட்டியிருந்த அம்மா அவரிடமும் அதையே கேட்டாள். மாமா பத்திரிகையைக் கீழே வைத்தார். பிறகு குரலை உயர்த்தி, "போட்டாச்சு ஞானம். முழுப் பேரு. நீ லயத்து வீட்டுக்குப் போ புள்ள" என்றார்.

அம்மா பெருமூச்சு விட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். "தேத்தண்ணி குடு" என்று என்னிடம் கேட்டாள். அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டுக் குடித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"ஏனுங்க மாமா, என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அங்கன விடியக்காலையில பெரட்டுக் களத்துல வந்து வரிசையில நிக்கணும். கணக்குல பேரு போட்டாத்தான் அன்னைக்குச் சம்பளம். பிந்துனா அரைப் பேரு, பாதிச் சம்பளம். உனக்குப் பால் குடுத்துட்டு உங்கம்மா பிந்தித்தான் வருவா. நானே எத்தனையோ நாள் பேரு போடாம வெரட்டியிருக்கேன்." சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் வயிற்றுக்காகத்தான் அம்மா அத்தனை மாதமாகக் கெஞ்சியிருக்கிறாள். அதற்குத்தான் நான் கையைக் கட்டியிருக்கிறேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அம்மா குணமாகவில்லை. இது மூளையைத் தின்னும் மறதி நோய், டிமென்ஷியா, பேயல்ல என்று டாக்டர் சொன்னார். நான் வாய்விட்டுக் கேட்டதும் சபைப் பெண்கள் முறை வைத்து வந்து அம்மாவுடன் இருந்தார்கள். முன்பே கேட்டிருக்கலாம். தினமும் காலையில் "முழுப் பேரு போட்டாச்சும்மா" என்று சொல்வேன், அவள் அமைதியாகிவிடுவாள். ஒன்றரை வருஷம் அப்படி இருந்தாள். என்னை யாரென்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டியபோது மணிக்கட்டில் தழும்பு இருந்தது.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இப்படி நினைவு தப்பியவர்களுக்காகப் பேசுகிறேன். சம்பளம் கிடையாது. தெப்பக்காட்டில் யானைப் பாகனாக இருந்த ஒரு பெரியவர் படுக்கையில் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். காலைக் கட்டிவிட்டார்கள். அவர் மகளிடம் விசாரித்தேன். பாகன் கழுத்தில் உட்கார்ந்து யானையின் காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்தித்தான் ஓட்டுவாராம். நர்ஸிடம் மன்றாடினேன், சண்டையும் போட்டேன். அவிழ்த்தார்கள். அவர் பாட்டுக்கு யானை ஓட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

நான் ஒப்புக்குக் கேட்டதற்கே தேவன் பதில் தந்தார். நீங்கள் மனசாரக் கேட்டால் தராமல் விடுவாரா? உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். சேர்ந்தே ஜெபிப்போம். ஆனால் முழங்கால் போடுவதற்கு முன்னால் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.