இடுப்பளவு மணலில் ஒரு பகல்

என்னை உயிரோடு புதைத்தார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். புதைத்தது என்னைப் பெற்றவர்கள்தான், அதுவும் இடுப்பு வரைக்கும்தான், அதுவும் நான் நடக்க வேண்டும் என்பதற்காக. அப்போது எனக்குப் பத்து வயது. அறுபதுகளின் நடுவில் ஒரு தை அமாவாசை. இடம், பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கரை.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. கிள்ளினால் வலிக்கும். பலம் மட்டும் இல்லை. ஆரம்பாக்கத்தில் எங்களுக்கு நெல் போடுகிற நிலம் கொஞ்சம் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா என்னைத் தோளில் வைத்துக்கொண்டே வரப்பில் நடப்பார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "கம்பி வச்ச பூட்ஸ் போட்டு இப்பவே பழக்குங்க. விட்டா முட்டி மடங்கினபடியே இறுகிடும், அப்புறம் பூட்ஸும் ஏறாது" என்றார். நைனாவுக்குப் பொறுக்கவில்லை. "எம் பொண்ணு இன்னா மாடா, லாடம் அடிக்கிறதுக்கு?" என்று கத்திவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கோபம்தான் எனக்கு அவர் வைத்துவிட்டுப் போன சொத்து.

அதற்குப் பிறகு எண்ணெய், பத்து, மந்திரித்த கயிறு என்று ஒன்று பாக்கியில்லை. ஆரணியில் ஒரு நாட்டு வைத்தியர் இருப்பதாக யாரோ சொல்ல, அங்கேயும் போனோம். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு சொன்னார்: "தை அமாவாசைக்கு சமுத்திரத்து ஈர மணல்ல இடுப்பு மட்டும் பொதைங்க. பெத்தவங்க நெழலு மேல படக் கூடாது, தள்ளிப் போய் குந்திக்கங்க. காலு மணி நேரம் கெடக்கட்டும். யாரும் தொடக் கூடாது. தானா எழுந்து வரும்."

இதுதான் கடைசி, இதற்கும் ஆகவில்லையென்றால் மறுநாளே பூட்ஸ் என்று அம்மா நைனாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் ரயிலில் பொன்னேரி போய், பஸ் பிடித்து, படகு ஏறுகிற வரைக்கும் அவர் மண்வெட்டியைத் தோளைவிட்டு இறக்கவில்லை. தூக்குக்குப் போகிறவர் மாதிரி வந்தார். படகுக்காரர் சும்மா இருக்காமல், "குளிக்கிற எடம் அங்க கீது அண்ணாத்த, நீ இன்னா மம்முட்டிய தூக்கிக்கினு இந்தாண்ட வர?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நைனா குழி வெட்டினார். இரண்டு கால்களையும் சேர்த்து இறக்கி, மணலைத் தள்ளி மிதித்தார்கள். குளிர்ச்சி முதுகுத்தண்டில் ஏறியது. அம்மா ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் புளிச்சோற்றை என் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, "பசிச்சா துன்னு கண்ணு. அழுவாத" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள். பிறகு இருவரும் சவுக்குத் தோப்புக்குப் போய் உட்கார்ந்தார்கள். இங்கிருந்து பார்த்தால் கை ஆட்டுவது தெரியும், முகம் தெரியாது. நண்பகல். கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கத்தினேன். நைனாவைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை இரண்டுதான், இரண்டையும் சொன்னேன். காற்று அதை அப்படியே கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. தொண்டை காய்ந்ததும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் அதுகள் வந்தன.

முதலில் உள்ளான் குருவிகள். அலை பின்வாங்கும்போது பின்னாலேயே ஓடி, அலை வரும்போது முன்னால் ஓடிவந்து, ஈர மணலில் மூக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு கல்லைச் சுற்றுவது போலத்தான். ஒன்று என் நிழலுக்குள் வந்து நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டது. கால் நகம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அடுத்தது கடல்காக்கா. பெயர்தான் காக்கா, உடம்பு வெள்ளை, முதுகு சாம்பல், காலும் மூக்கும் சிவப்பு. காதுக்குப் பக்கத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறுப்பு. புளிச்சோற்று வாசனை அதற்குத் தெரிந்துவிட்டது. ஒன்று இறங்கியது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கண் வெளிர் நிறம், சுற்றிலும் சிவப்பாக ஒரு மெல்லிய வளையம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இலையைக் கொத்தி இழுத்தது. உடனே இருபது, முப்பது வந்துவிட்டன. ஒன்றின் வாயிலிருந்து ஒன்று பிடுங்கி, இறக்கையால் அடித்துக்கொண்டு, என்ன சண்டை! எங்கள் ஊர்க் குழாயடி தோற்றுவிடும். ஒரு இறக்கை என் கன்னத்தில் பட்டது.

பிறகு ஆலாப் பறவைகள் வந்து காற்றுக்கு எதிராக வரிசையாக நின்றன. கடைசியில் ஒரு கூழைக்கடா. அடேயப்பா, எவ்வளவு பெரிசு! இரண்டு முழம் தள்ளி வந்து உட்கார்ந்தது. அழுகிய மீன் நாற்றம். தாடைப் பை தொங்க, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பையின் தோலில் ஓடுகிற ரத்த நரம்பு வரைக்கும் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. என் காலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஊரில் நான் போனால் விளையாட்டு கலைந்துவிடும். பிள்ளைகள் ஓடும், நான் தவழ்ந்து போய்ச் சேருவதற்குள் வேறு இடத்தில் இருக்கும். இங்கே அசையாமல் இருந்ததற்காகவே அத்தனையும் என்னிடம் வந்தன. அந்தச் சந்தோஷத்தை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, மூத்திரம் முட்டி அப்படியே போய்விட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படியும் சந்தோஷமாக இருந்தேன்.

பிற்பகல் சாய்ந்ததும் தண்ணீர் திரும்பியது. உள்ளான்கள் என்னைத் தாண்டி மேலே போயின. ஆலாக்கள் எழுந்தன. கூழைக்கடா நாலு தப்படி ஓடி, கிளம்பிப் போய்விட்டது. அலை என் வயிற்றைத் தொட்டுப் போனது. அடுத்தது மார்பைத் தொட்டது. மணல் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. நல்ல காலையும் அசைக்க முடியவில்லை. அப்போதுதான் செத்துப்போவேன் என்று பயம் வந்தது. "அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். நைனா பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தொடாத! தொட்டா எல்லாம் போச்சு! தானா எழுந்து வருவா!"

"யோவ், பொணமாத்தான்யா வருவா! அப்பத்துலேர்ந்து சொல்லிக்கினு கீறேன், வைத்தியரு சொன்னது காலு மணி நேரம்யா! காலு மணி, அர மணி, முக்கா மணி, அந்தக் காலு!"

"நாம காலப் பத்திதான பேசிக்கினு இருந்தோம்? காலு மணிக்கணக்கா கெடக்கட்டும்னாரு. எங் காதால கேட்டேன்!"

"உங் காதுல கொள்ளி வெக்க!"

ஒரு அலை என் தலைக்கு மேலே போனது. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நான் மேலே பார்த்தபோது நைனாவின் முகம் இருந்த இருப்பை நான் யாருக்கும் காட்ட விரும்பமாட்டேன். அம்மாவை விட்டுவிட்டு வந்து விழுந்து என் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். இடுப்பு பிய்ந்துவிடும் போல் வலித்தது.

கரையோரம் படகில் படுத்திருந்தவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "இஸ்க்காத அண்ணாத்த! இடுப்பு வுட்டுப்பூடும்! நோண்டு, நோண்டு! மம்முட்டி வேணாம், கால்ல பட்டுடும், கையால நோண்டு!"

மூன்று பேரும் நாய் மாதிரி தோண்டினார்கள். தோண்டத் தோண்ட அலை மணலைக் கொண்டுவந்து மூடியது. நைனாவின் நகம் இரண்டு பெயர்ந்து ரத்தம் வந்தது. ஒருவழியாக என்னை உருவி எடுத்து மேட்டில் போட்டார்கள்.

நைனா என் வலது காலை மடியில் வைத்துக்கொண்டார். மணல் உராய்ந்து தோல் சிவந்து, மரத்துப்போய், உள்ளே எறும்பு ஊறுவது போல் இருந்தது. "எப்டி கீது கண்ணு? எதுனா தெரியுதா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் மறுநாள் பூட்ஸ். அதோடு இந்தக் கரையும் இல்லை, பறவையும் இல்லை.

"சூடா கீது நைனா. உள்ள கொஞ்சம் அசையுது" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பரிதாபமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் எது பெரியது என்று எனக்குத் தெரியும்.

அதிலிருந்து அமாவாசைதோறும் போனோம். அம்மா வைத்தியரிடமே போய்க் கேட்டுவந்து, கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் விடமாட்டேன் என்றாள். கால் மணியில் எந்தப் பறவை வரும்? "ரொம்ப நேரம் இருந்தாத்தாம்மா அசையுது" என்று நானே சொல்லி நேரத்தை நீட்டினேன். சித்திரையில் கடல்காக்காக்கள் வடக்கே போய்விடும், என் கால் அசைவதும் நின்றுவிடும். அம்மா பூட்ஸ் பேச்சை எடுப்பாள். ஐப்பசியில் அவை திரும்பும், காலும் அசையத் தொடங்கும். நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்படி மூன்று மழைக்காலம் போயிற்று.

நான்காவது வருஷம் அம்மா அழுது, சாப்பிடாமல் கிடந்து, எங்களை மெட்ராஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே டாக்டர். காலைப் பிடித்து நீட்டப் பார்த்தார். முட்டி மடங்கியபடியே நின்றது. மறுபடியும் அழுத்தினார். நான் அலறினேன். "அன்னிக்கே சொன்னேனே, இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க? இனிமே இது நிமிராது" என்றார்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். கால் அசைகிறது என்று இவளே சொன்னாள் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டாக்டருக்கு முன்னால் கைகூப்பி, "எம் புத்திய செருப்பால அடிங்க சார். கொழந்த மேல தப்பில்ல. நாந்தான் கெடுத்தேன்" என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பதினொரு வருஷம் உயிரோடு இருந்தார், அந்தப் பதினொரு வருஷத்திலும் திறக்கவில்லை.