அக்காவின் மீன்தொட்டிக்குக் கீழே

நான் என் அக்காவிடம் பொய் சொன்னேன். அவருடைய வீட்டில் ஆறடி மீன்தொட்டி நிற்கும் மூலைக்குக் கீழே, யுத்தகாலத்தில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய எங்கள் பழைய பங்கர் இருக்கிறது. அதை முறையாகத் தூர்த்துவிட்டதாகச் சொன்னேன். தூர்க்கவில்லை.

மீளக்குடியேறி விசுவமடுவில் அக்காவுக்கு வீடு கட்டியபோது அத்தான் கட்டாரில் இருந்தார். மேற்பார்வை நான்தான். பங்கர் இருந்த இடம் புது வீட்டு ஹோலின் மூலைக்குள் வந்தது. மேலே அடுக்கிய பனங்குற்றிகளை இழுத்தெடுத்து, அடியிலிருந்து மண் போட்டு இடித்து இறுக்க வேண்டும். குற்றியை உள்ளே விட்டால் உக்கும், நிலம் இறங்கும். வன்னியில் இது யாருக்குத்தான் தெரியாது?

நான் குற்றிகளை எடுக்கவில்லை. இறங்கப் பயந்தேன் என்றால் நீங்கள் இரக்கப்படுவீர்கள்... பயமில்லை! மறுநாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். கூட்டாளிகள் வெளிக்கிட்டு நின்றார்கள். கிரவல் மண்ணோடு உழவுயந்திரமும் வந்து நின்றது. அப்படியே மேலே கொட்டச் சொன்னேன்.

"ஓம் அக்கா, எல்லாம் எடுத்துப்போட்டன்" என்றேன். பொங்கலுக்குப் போனேன். நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருடம் அக்காவின் மகள் மீன் கேட்கிறாள் என்று அத்தான் தொட்டிக்கு ஏற்பாடு செய்தார். அக்கா காட்டியது அந்த மூலையை. குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தேன். இரண்டு விரல் இறக்கம். குற்றிகள் உக்கத் தொடங்கிவிட்டன என்று உடனே விளங்கியது.

"ஏன்டா தம்பி, இந்த மூலை மட்டும் இறங்கிக் கிடக்கு?"

"கிரவல் போட்ட நிலம் உப்பிடித்தான் அக்கா. நான் மட்டமாக்கித் தாறன்."

வேறு சுவரோரம் வைக்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஏன் என்று கேட்பார். கேட்டுக் கேட்டு உயிரை எடுத்துவிடுவார். பழைய நிலத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சீமெந்துச் சாந்து பரப்பி, பலகையால் இழுத்தேன். ஈரச் சாக்குப் போட்டுக் காயவிட்டேன். அவ்வளவு திருத்தமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. வெட்கம்கெட்ட திருத்தம்! அதன் மேல், நிரம்பினால் ஓர் எருமையளவு பாரமான தொட்டியை ஏற்றினோம்.

"தம்பி போட்ட நிலம், ஒரு நூல் பிசகாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா சொல்கிறார்.

பிசகிவிட்டது. தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கிறது; கண்ணாடி விளிம்பு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. போகும்போதெல்லாம் விரல் வைத்துப் பார்க்கிறேன். போன கிழமை ஒரு விரல். அந்தக் கண்ணாடி வெடித்தால்...? பிள்ளை மீன் பார்த்தபடியே அதன் முன்னால் பாய் போட்டுப் படுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றாவது உண்மையைச் சொன்னேனா?

"பிள்ளையை அதிலை படுக்க விடாதேங்கோ அக்கா. அந்தத் தொட்டி லைட் கண்ணுக்குக் கூடாது."

இதுதான் என் வாயில் வந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டதுபோல் ஆறுதலாகவும் இருந்தது, நினைத்துப் பாருங்கள்!

நேற்றுப் பரந்தனில் பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"நீ சொன்னது சரிதான் தம்பி. இப்ப லைட்டை நிப்பாட்டிப்போட்டுத்தான் படுக்க விடுறன். பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுறாள்."

"எங்கை அக்கா?"

"அதிலைதான், தொட்டிக்குக் கிட்ட."

"நல்லது அக்கா" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.