தெரியாது என்று சொன்ன கார் இலக்கம்

1990ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, வியாழக்கிழமை. அப்போது கோப்பன்ஹேகனை அடுத்த புரொண்பியில் குடியிருந்தேன். வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து முகம் மழித்து, தேநீரைக் குடித்தபடி நாட்குறிப்பில் அன்றைய வானிலையை எழுதினேன்: வெயில், மெல்லிய காற்று. சட்டையை இரண்டு தரம் இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினேன். வழக்கத்துக்கு மாறாக, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்கு அன்று விடுப்பு எடுத்திருந்தேன். பிற்பகல் விமானத்தில் என் மனைவியும் மகளும் வருகிறார்கள்.

அந்த ஆண்டுகளில் இங்கிருந்த தமிழருக்கு இது சாதாரண செய்தி அல்ல. குடும்பத்தை அழைக்க நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன. அது பின்னர் பெரிய விசாரணையாகி அரசாங்கத்தையே கவிழ்த்தது. ஆனால் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காத்திருப்பு மட்டும்தான். நான் ஊரை விட்டு வந்தபோது மகள் தவழக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. இப்போது அவள் ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்து வருகிறாள்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த மன்னார்க்காரர் ஒருவர் பழைய கார் வைத்திருந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஓட்டுநர் பரீட்சையில் தேறுவதற்கு முன்பே காரை வாங்கிவிட்டவர் அவர். எனவே கார் அவருடையது, சாரதி அனுமதிப்பத்திரம் என்னுடையது. மதியம் இருவரும் புறப்பட்டோம். நான் எங்கும் அனுமதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

"தம்பி, சைக்கிளிலை போற சனமெல்லாம் எங்களைப் பாத்துச் சிரிக்குது."

பின்னால் வந்த நீலக் காருக்கும் அது பொறுக்கவில்லை. ஒலிப்பானை அமுக்கிக்கொண்டே வந்தவன் எங்களை முந்தி, மூக்குக்கு முன்னால் சடாரென்று பிரேக் போட்டான். நானும் பிரேக்கை மிதித்தேன். இரண்டு காருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்திருக்கும். அவன் இறங்கி வந்து என் பக்கக் கண்ணாடியை முறித்து எறிந்தான். முன்விளக்கை உதைத்து உடைத்தான். ஜன்னலில் முஷ்டியால் குத்தி, ஊருக்குப் போ என்று கத்தினான். பிறகு ஏறிப் போய்விட்டான். அவன் போகும்போது காரின் இலக்கத்தகட்டைப் பார்த்தேன். இரண்டு எழுத்து, ஐந்து எண். பார்த்த இலக்கம் எனக்கு மறக்காது.

அந்தத் தெருவோர வீட்டுப் பெண் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துப் பொலிசை அழைத்துவிட்டார். ஆனால் அவருக்கு இலக்கம் தெரியவில்லை. பொலிஸ் வாகனம் தெருமுனையில் தெரிந்ததும் அண்ணை என் கையைப் பிடித்தார்.

"ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லு. உன்ர பேர் இவங்கடை புத்தகத்திலை ஏறினா, அங்கை ஏர்போட் வாசலிலையே உன்ர மனுசியைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

நான் நம்பினேன். பொலிசார் எழுதிக்கொண்ட பெயர் எதற்கெல்லாம் பயன்படும் என்று ஊரில் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இத்தனை காலம் காத்திருந்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லாம் கெட்டுவிடக்கூடாது. நடுத்தர வயதான அந்தப் பொலிஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். இலக்கம் தெரியாது, முறைப்பாடும் இல்லை, விமான நிலையம் போகவேண்டும், மனைவி வருகிறாள் என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன்.

விளக்கும் கண்ணாடியும் இல்லாத காரை ஓட்ட விடமுடியாது என்றார் அவர். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, தாங்களும் அந்தப் பக்கம்தான் போகிறோம், ஏறு என்றார். அண்ணை காருக்குக் காவலாக நின்றார். கதவை மூடும்போது குனிந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"எங்கடை ஊரிலை இதுக்குள்ளை ஏறினவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததில்லை. நீ பாத்து வா."

வழியில் பொலிஸ்காரர் என்னால் செய்யக்கூடியவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆபத்தாக ஓட்டியது, மிரட்டியது, காரை உடைத்தது எல்லாவற்றையும் ஒரே முறைப்பாட்டில் சொல்லலாம். வழக்கை அரசு நடத்தும். உடைத்ததற்கு இழப்பீட்டையும் அதிலேயே கேட்கலாம். சாட்சிக்கு அந்தப் பெண் இருக்கிறார். இன்றைக்கே செய்யவேண்டும் என்றும் இல்லை. இதற்கும் வதிவிட அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்றார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இலக்கம் எப்போதாவது ஞாபகம் வந்தால் வா என்று முடித்தார். கண்ணாடியில் அவர் சிரித்தது தெரிந்தது.

விமான நிலையத்தில் அவரும் என்னோடு உள்ளே வந்தார். கதவு திறந்தது. மனைவி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டு மலர்ந்த முகம், பக்கத்தில் சீருடையைக் கண்டதும் அப்படியே உறைந்துவிட்டது. மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இதிலை ஆர் அப்பா?"

தமிழ் தெரியாத பொலிஸ்காரருக்கு அது எப்படி விளங்கியதோ, தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைச் சுட்டிக் காட்டினார். மனைவி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதாள். அவர் எங்கள் மூவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸிலும் ரயிலிலும் புரொண்பி வந்து சேர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அண்ணையும் வந்தார். காரைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு, வழியில் ஒரு கேக்கும் வாங்கி வந்திருந்தார். எல்லோருமாகச் சாப்பிடும்போது மனைவி, பொலிஸ்காரர் ஏன் வந்தார் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். இலக்கம் தெரியாது என்று சொன்ன இடத்தில் அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை, கலியாணத்தண்டு நாங்கள் போன காரின்ர நம்பரை இண்டைக்கும் சொல்லுவார் இவர். இவருக்கோ தெரியாது?"

அண்ணை கேக்கை வாயில் வைத்தபடியே சிரித்துப் புரையேறினார். மகள் காரணம் தெரியாமல் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த பின் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நாங்கள் வந்திட்டம். இனி ஆருக்குப் பயம்? அவன் நாளைக்கு வேறை ஆரையாவது சாகடிப்பான்."

அண்ணை தன் தட்டில் இருந்த கேக்கை மகளின் தட்டுக்கு மாற்றினார். பிறகு, கார் தன்னுடையது என்பதால் தானும் வரவேண்டும் என்றார்.

நீலக் கார்க்காரன் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அனுமதிப்பத்திரம் பறிபோனதால் கொஞ்சக் காலம் அவனால் கார் ஓட்ட முடியவில்லை. அண்ணையின் காருக்குப் புதுக் கண்ணாடியும் விளக்கும் வந்தன. இவையெல்லாம் நல்லவைதான். ஆனாலும் அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளிக்கிழமைக் காலைதான். எழுந்தவுடன் செய்த முதல் வேலையாக, நாட்குறிப்பைக்கூடத் திறக்காமல், நாங்கள் நால்வரும் பொலிஸ் நிலையம் போனோம். மகள் என் விரலைப் பிடித்திருந்தாள். நான் என் பெயரைச் சொன்னேன், அந்த இரண்டு எழுத்தையும் ஐந்து எண்ணையும் உரத்துச் சொன்னேன். இந்த நாட்டில் நான் குடியேறியது அந்த நிமிடத்தில்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.